ஒரு தடவை வெட்டியதற்கு எதற்கு இரண்டு பில்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இரண்டு வருடமாகப் பல் கிளினிக் நடத்திவருகிறேன். போன மாதம் 54 வயதுக்காரர் ஒருவர் வந்தார். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர்; இருபது வருடமாகப் புகையிலை அடக்கும் பழக்கம். இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருந்தது. பயாப்சி எடுத்து 1,500 ரூபாய் வாங்கினேன். மாதிரியைக் கோவை லேபுக்கு பஸ் பார்சலில் அனுப்பினேன். ரிப்போர்ட் வந்தபின், லேபுக்கு நான் கட்டிய 900 ரூபாயைக் கேட்டதும் தகராறு ஆகிவிட்டது. “ஏனுங்க டாக்டரம்மா, வெட்டுனதுக்கு அன்னைக்கே காசு குடுத்தாச்சுல்லங்க, மறுக்கா எதுக்குங்க?” என்று அவர் மகன் சத்தம் போட்டார். ரிப்போர்ட்டிலோ, “மேல்படலம் மட்டுமே உள்ளது, அடியிலுள்ள இணைப்புத் திசு இல்லை, மறுபடி மாதிரி தேவை” என்று இருக்கிறது. இரண்டாம் தடவைக்குப் பணம் கேட்கலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, கன்னத்தின் உள்ளே இருந்த 8 மி.மீ. கட்டியை முழுதாக எடுத்தேன். அங்குள்ள இன்சூரன்ஸுக்காக பில்லில் டி7286 என்ற சிகிச்சைக் குறியீட்டு எண்ணை (கோடு) எழுதித் தரச் சொல்கிறார். எழுதலாமா? லேப்காரர்கள் மாதக் கடைசியில் ‘ரெஃபரல்’ என்று ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கினால் தப்பா?

— பல் மருத்துவர், கோபி

பதில்:

அந்த மகன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறதுங்க டாக்டர். 900 ரூபாய் கூடுதல் என்று அவர் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லாததுதான் அவருக்குக் கோபம்.

பயாப்சியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். திசுவை எடுப்பவர் நீங்கள். அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதித் தருபவர் பாத்தாலஜிஸ்ட். நமக்கு இது பழகிப்போன விஷயம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘பயாப்சி’ என்பது ஒரே சொல், ஒரே வேலை, ஒரே காசு. அதனால் கத்தியைத் தொடும் முன்பே ஒரு சின்ன மதிப்பீட்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். “திசு மாதிரி எடுத்தல், இடது கன்னத்தின் உட்புறம், ஓர் இடம்: 1,500. லேப் பரிசோதனைக் கட்டணம், ஒரு பாட்டில்: 900.” அதன் கீழே மூன்றாவதாக ஒரு வரி: “சிறப்புச் சாயமோ கூடுதல் சோதனையோ தேவை என்று லேப் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம், செய்யும் முன் கேட்டுக்கொள்வோம்.” ‘ஓர் இடம்’, ‘ஒரு பாட்டில்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். திட்டு பெரிதாக இருந்து இரண்டு இடத்தில் எடுத்தால் பாட்டில் இரண்டு, லேப் கட்டணமும் பெரும்பாலும் இரண்டு.

லேப் பணத்தை உங்கள் கைவழி விடாமல் இருப்பது இன்னும் நல்லது. நோயாளியே லேபுக்கு யூபிஐயில் கட்டட்டும், ரசீது அவர் பெயரில் வரட்டும். ஊர்ப்புறத்தில் எல்லாருக்கும் அது தோதுப்படாது. நீங்கள்தான் கட்ட வேண்டியிருந்தால், லேப் கொடுத்த ரசீதின் நகலை உங்கள் பில்லோடு பின் செய்து, அதே தொகையை எழுதுங்கள். மரத்துப்போகும் ஊசிக்கும் தையலுக்கும் தையல் பிரிப்புக்கும் தனித்தனி வரி போட வேண்டாம். அவையெல்லாம் மாதிரி எடுக்கும் வேலைக்குள் அடக்கம். கிளினிக்கின் சிகிச்சைக்கும் நோயறியும் சோதனைக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பில்லிங் சாஃப்ட்வேர் தானாக வரியைச் சேர்க்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் தடவைக்கு உங்கள் கட்டணத்தை வாங்காதீர்கள். லேப் கட்டணத்தையும் இந்தத் தடவை நீங்களே ஏற்பதுதான் முறை என்பது என் கருத்து. ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படியுங்கள். மேல்படலம் மட்டும் இருக்கிறது, இணைப்புத் திசு இல்லை என்றால் மாதிரி ஆழம் போதவில்லை என்று அர்த்தம். செல்கள் மேல்படலத்துக்கு அடியிலுள்ள மெல்லிய அடித்தள சவ்வைத் தாண்டி இறங்கிவிட்டனவா, அதாவது புற்றாகப் பரவத் தொடங்கிவிட்டதா என்பதுதான் இந்த நோயாளி விஷயத்தில் முக்கியமான கேள்வி. அந்த சவ்வுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாத மாதிரியை வைத்து எந்த பாத்தாலஜிஸ்ட்டும் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல மாட்டார். இதில் லேப் மீதும் தவறில்லை, நோயாளி மீதும் தவறில்லை.

எல்லா மறு பயாப்சியும் இப்படி இலவசமாக வேண்டியதில்லை. முறையாக, போதிய ஆழத்தில் எடுத்த மாதிரியிலும் அழுகிய திசு மட்டும் சிக்கலாம். ரிப்போர்ட் லேசான மாற்றம் என்று சொல்லியும், வாயில் பார்க்கும்போது உங்களுக்குச் சந்தேகம் தீராமல் இருக்கலாம். அப்போது இரண்டாவது மாதிரி புது வேலைதான், கட்டணம் கேட்கலாம். ஆனால் “சில சமயம் மறுபடி எடுக்க வேண்டிவரும்” என்ற வரி முதல் ஒப்புதல் படிவத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை எடுக்கும்போது திட்டிலேயே கெட்டியாக, சிவப்புக் கலந்து, அல்லது புண்ணாகி இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வெளுத்து வழவழப்பாக இருக்கும் பகுதி எடுக்கச் சுலபம், ஆனால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எங்கே எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் 1% டொலூயிடின் நீலம் தடவி, சாயம் பிடித்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். மாதிரி குறைந்தது 5 மி.மீ. நீள அகலமும் 3 மி.மீ. ஆழமும் இருக்கட்டும். 15ஆம் நம்பர் பிளேடு எடுத்தால், அகலமாகவும் மேலோட்டமாகவும் சீவத்தான் கை போகும். குறுகலாகவும் ஆழமாகவும் எடுங்கள். வட்டமாகத் துளைத்தெடுக்கும் 5 அல்லது 6 மி.மீ. பஞ்ச் கருவி இருந்தால் அந்தக் கவலை குறையும். ஊசி மருந்தைத் திட்டுக்குள்ளேயே ஏற்றினால் திசு ஊதிப் பிரிந்துவிடும், அதனால் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் போடுங்கள். பல் வைத்த ஃபார்செப்ஸால் நடுவில் நசுக்கிப் பிடித்தால் செல்கள் இழுபட்டு அடையாளம் தெரியாமல் போய்விடும். ஓரத்தில் ஒரு தையல் போட்டு நூலைப் பிடித்துத் தூக்குங்கள். மாதிரியை எடுத்து முடிக்கும்வரை சூட்டால் வெட்டும் காட்டரியும் லேசரும் வேண்டாம். சூட்டில் வெந்த ஓரம் ஸ்லைடில் ஒன்றுக்கும் உதவாது. எடுத்த துண்டு சுருளாமல் இருக்க, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு சிறு அட்டைத் துண்டில் ஒரு நிமிடம் பரப்பி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் அட்டையோடு இறக்குங்கள்.

ஃபார்மலினில் நிறைய கிளினிக்குகள் ஒரே தவறைத்தான் செய்கின்றன. கடையில் ‘ஃபார்மலின்’ என்று கிடைப்பது 37 முதல் 40% வரையுள்ள ஃபார்மால்டிஹைடு. நமக்கு வேண்டியது 10% ஃபார்மலின். கடைக் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அமிலத்தன்மை ஏறாதபடி பஃபர் செய்தது. அப்படியே ஊற்றினால் துண்டின் மேற்பரப்பு சட்டென்று இறுகி உள்ளே மருந்து போகாது. கலந்தே விற்கும் நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் பாட்டிலை வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அளவு, துண்டின் பருமனைப்போல் பத்திலிருந்து இருபது மடங்கு. சின்னத் துண்டுக்கு 20 மி.லி. தாராளம். அவசரத்துக்கு சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்புவது, அனுப்பாமல் இருப்பதைவிட மோசம். வாய் அகன்ற பாட்டிலாகப் பாருங்கள். ஊசி மருந்துக் குப்பியில் திணித்த துண்டு லேபில் வெளியே வராமல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு விதிவிலக்கு: கொப்புளம் வெடித்து உரியும் நோய்கள், அதாவது பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு போன்றவை சந்தேகத்தில் இருந்தால், இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்ற ஒளிரும் சாயச் சோதனைக்குத் தனியாக இன்னொரு துண்டு வேண்டும். அது ஃபார்மலினில் போகக் கூடாது. மிக்கெல்ஸ் மீடியம் என்ற கரைசலில் போக வேண்டும். புண்ணின் மேல் எடுக்காமல் புண்ணை ஒட்டிய நல்ல சதையில் எடுக்க வேண்டும். கரைசலுக்கு லேபிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பில்லிலும் தனி வரி.

பஸ் பார்சலில் அனுப்புவது பரவாயில்லை. ஆனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பஞ்சு சுற்றி, ஜிப் பையில் போட்டு, கெட்டியான டப்பாவில் வைத்து அனுப்புங்கள். பாட்டில் கசிந்தால் மாதிரி காய்ந்துவிடும்.

இனி காகிதங்களைப் பார்க்கலாம். உங்கள் கேஸ் ஷீட்டில் “வாயில் வெள்ளைப் புண், பயாப்சி எடுக்கப்பட்டது” என்று மட்டும் இருந்தால் அடுத்து எந்தத் தகராறு வந்தாலும் நீங்கள் தனியாளாகத்தான் நிற்க வேண்டும். இடத்தைப் பல்லை வைத்துச் சொல்லுங்கள்: “இடது கன்ன உட்புறம், 36, 37 பற்களுக்கு நேரே.” நீள அகலம் மி.மீ.யில், நிறம், பரப்பு சொரசொரப்பா வழவழப்பா, துணியால் துடைத்தால் போகிறதா, தொட்டால் கெட்டியா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, எத்தனை மாதமாக இருக்கிறது. பழக்கம் என்ற இடத்தில் ‘உண்டு’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். என்ன புகையிலை, எந்தப் பக்கம் அடக்குவார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம் என்று எழுதுங்கள். திட்டில் உரசும் கூரான பல்லைத் தேய்த்து, திட்டு மறைகிறதா என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்திருந்தால் அந்தத் தேதிகளும் வர வேண்டும். வெட்டும் முன், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ. அப்புறம் அன்றைய பிபி, சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, எந்த மருந்தில் மரக்க வைத்தீர்கள், எத்தனை மி.லி., எத்தனை துண்டு, எத்தனை தையல், எந்த நூல். எல்லாம் சேர்த்து அரைப் பக்கம்தான் வரும். லேபுக்குப் போகும் படிவத்துக்கும் இதே அரைப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிடலாம். பாத்தாலஜிஸ்ட் நோயாளியின் வாயைப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதுவதுதான் அவருக்கு வாய்.

பில்லிலும் ஒப்புதலிலும் சொல் தடுமாறக் கூடாது. சிறு துண்டு மட்டும் எடுத்துவிட்டு ‘கட்டி அகற்றல்’ என்று பில் போட்டால், நோயாளி நோயே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவார். வாய்ப் புற்றில் இப்படி நழுவிப்போகும் மாதங்களை அப்புறம் திருப்ப முடியாது. ‘மாதிரி மட்டும் எடுக்கப்பட்டது, திட்டு இன்னும் வாயில் இருக்கிறது’ என்று தமிழிலேயே எழுதுங்கள். சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், நோயறியும் செயலுக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது என்று தெளிவாகச் சொன்னது. துண்டு எடுக்க ஒப்புதல் வாங்கிவிட்டு, “சின்னதாகத்தானே இருக்கிறது” என்று முழுதாக எடுத்துவிடக் கூடாது. இரண்டும் நடக்கலாம் என்றால் இரண்டையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

லேபிளைப் பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் லேபில் நாலு மூடி ஒன்றாகக் கழலும்போது ஆளே மாறிவிடுவார். ஃபார்மலின் பட்டால் பேனா மை கலையும், பென்சிலில் எழுதுங்கள். இடது, வலது என்று முழுச் சொல்லாக இருக்கட்டும். பெயரை ஆதாரிலும் காப்பீட்டு அட்டையிலும் உள்ளபடியே எழுதுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தால், அங்கே முதலில் கேட்பது பயாப்சி ரிப்போர்ட்டைத்தான். ‘பழனிச்சாமி’ ஓரிடத்தில் ‘பழனி’ என்று இருந்தால் திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். லேபின் பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) எண்ணும் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். ஸ்லைடையும் பிளாக்கையும் தங்கள் பாத்தாலஜிஸ்ட்டிடம் மறுபடி காட்ட அங்கே கேட்பார்கள்.

உங்கள் மூட்டை தூக்குபவரிடம் இஎஸ்ஐ அட்டை இருக்காது. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள் வந்தால் பணம் வாங்கும் முன் அதைக் கேளுங்கள். அந்த வழியில் செலவில்லாமல் ஆகக்கூடியதை அவர்கள் கையிலிருந்து செலவழிக்க வைக்க வேண்டாம். தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பல் கிளினிக்கின் வெளிநோயாளிச் செலவு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் அதே நோய்க்காக அடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், சேருவதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. பயாப்சிச் செலவு அதில் வரலாம். அதற்கு நீங்கள் பயாப்சி எடுக்கச் சொன்ன சீட்டு, பில், பணம் கட்டிய ரசீது, ரிப்போர்ட் ஆகிய நான்கும் தேதி முரண்படாமல் வேண்டும்.

கிளினிக்கில் ஒரு பயாப்சி நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த தேதி, அனுப்பிய தேதி, லேப் கைக்குப் போனதை உறுதி செய்த தேதி, ரிப்போர்ட் வந்த தேதி, நோயாளியிடம் சொன்ன தேதி. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை வாரம் ஒரு நாள் பார்த்து போன் செய்யச் சொல்லுங்கள். பல் மருத்துவர் நன்னெறி விதிமுறைகள் 2014இன்படி ஆவணங்களைக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வெள்ளைத் திட்டு ஆட்களின் கேஸ் ஷீட்டையும் ரிப்போர்ட்டையும் எறியவே எறியாதீர்கள். ஏழெட்டு வருடம் கழித்து அதே இடத்தில் ஏதாவது முளைத்தால் முதல் ரிப்போர்ட்தான் பேசும்.

அமெரிக்கப் பையன் விஷயம். டி7286 எழுதாதீர்கள். அந்த நாட்டுப் பல் சங்கத்தின் கோடு வரிசையில் அது மென்திசுவில் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக வெட்டி எடுப்பதற்கு. எலும்பு, பல் போன்ற கடினத் திசுவுக்கு டி7285. சுரண்டி எடுக்கும் செல் மாதிரிக்கு டி7287, பிரஷ் பயாப்சிக்கு டி7288. நீங்கள் செய்தது கட்டியை முழுதாக எடுத்தல். ரிப்போர்ட் சாதாரணக் கட்டி என்று வந்திருந்தால், 1.25 செ.மீ. வரையிலான அளவுக்கு டி7410. உங்களுடையது 8 மி.மீ. என்பதால் அதில் அடங்கும். ரிப்போர்ட் வரும் முன் இந்த பில்லை முடிக்க வழியில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும். பாத்தாலஜி வேலைக்கு டி0472இலிருந்து டி0474 வரை தனிக் கோடுகள் உண்டு; அது லேபின் பில்லில் வர வேண்டியது.

கோடு எழுதித் தர வேண்டும் என்று நம் ஊர்ச் சட்டம் எதுவும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கோடு இல்லாமலே, என்ன செய்தீர்கள், எந்த இடம், என்ன அளவு, எந்தத் தேதி, எத்தனை ரூபாய், உங்கள் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, ரிப்போர்ட் நகலும் போட்டோவும் சேர்த்துக் கொடுங்கள். கோடு போடும் வேலையை அங்கே அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பல் இன்சூரன்ஸ் “இது மருத்துவக் காப்பீட்டில் வரும்” என்று தள்ளிவிடுவது அங்கே வழக்கம். அந்தப் பக்கம் போனால் கோடு வரிசையே வேறு: கன்ன உட்புறத்தில் எடுக்கும் பயாப்சி 40808, நாக்கின் முன்பகுதி என்றால் 41100. நோயின் பெயருக்கும் எண் கேட்பார்கள். வெள்ளைத் திட்டுக்கு அங்கே கே13.21, வாய் இறுகும் நார்த்தன்மை நோய்க்கு கே13.5. ரிப்போர்ட் வரும் முன் புற்றுநோய் எண் எதையும் போடக் கூடாது. ‘தன்மை நிச்சயமற்றது’ என்ற டி37 வரிசையும் கூடாது. பாத்தாலஜிஸ்ட் பார்த்துவிட்டு “சொல்ல முடியவில்லை” என்று எழுதினால்தான் அந்த எண் பொருந்தும். நாம் இன்னும் பார்க்கவில்லை என்பதற்கு அது எண்ணில்லை. பல பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தேதியை மாற்று, தொகையைக் கூட்டிப் போடு என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பில்லில் கையெழுத்து உங்களுடையது.

‘ரெஃபரல்’ பணம் வாங்கக் கூடாது. நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவதற்கு உள்ள தடை, சோதனைக்கு மாதிரி அனுப்புவதற்கும் சேர்த்துத்தான். அது போக, அந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. 900 ரூபாய்க்குள் இருந்துதான் வருகிறது. உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் தொகையைக் கட்டணத்திலேயே குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த மதிப்பீட்டுச் சீட்டின் இரண்டாவது வரியில் சின்ன எண்ணாக எழுதலாம்.